மலைக்குப் போன தோல்

வீட்டில் வாழைக்காய் நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை எடுத்துப் பச்சையாக மென்று பாருங்கள். விழுங்க வேண்டாம், துப்பிவிடலாம். நாக்கு தடித்துப்போகும். கன்னத்தின் உட்புறத்தை யாரோ நூல் கட்டி இழுப்பது போல இருக்கும். கொட்டைப்பாக்கைக் கடித்தாலும், சர்க்கரை போடாத கட்டித் தேநீரைக் குடித்தாலும் இதே கதிதான்.

இந்தச் சுவைக்குத் துவர்ப்பு என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் வாயில் என்ன நடந்தது? நம் உமிழ்நீரில் வழவழப்பான புரதங்கள் இருக்கின்றன. கதவுக் கீலுக்கு எண்ணெய் மாதிரி, வாய்க்கு அவை. வாழைக்காயில் டானின் என்ற பொருள் இருக்கிறது. அது புரதத்தைக் கண்டால் விடாது, ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். உமிழ்நீர்ப் புரதங்களை அது கட்டிப்போட்டதும் எண்ணெய் வற்றிய கீல் போல வாய் கரகரக்கிறது. சொல்லப்போனால், உங்கள் வாயை நீங்களே கொஞ்சம் தோல் பதனிட்டுவிட்டீர்கள்!

கேலி இல்லை. செருப்புக்கும் பெல்ட்டுக்கும் தோலைப் பதனிடுவது இதே டானினால்தான். நம் பக்கத்தில் அதற்கு ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவில் ஒரு மலைக்காட்டையே உரித்துப் பயன்படுத்தினார்கள். உரிக்க வைத்தவர் பிற்பாடு அந்த நாட்டின் நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்து, தபால் கட்டணத்தைப் பற்றியும் ஜப்பானைப் பற்றியும் பேசினார். அவர் பெயர் சேடாக் பிராட்.

அவரிடம் போவதற்கு முன் ஒரு வேலை. பெரியவர்கள் யாரிடமாவது சொல்லி இரண்டு முட்டைகளை நன்றாக வேகவைத்து, ஓடு உரித்துக்கொள்ளுங்கள். பால் சேர்க்காமல் கறுகறுவென்று தேயிலை டிகாக்ஷன் போட்டு ஆறவையுங்கள். இரண்டு முட்டைகளையும் அதில் மூழ்கவிட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். தின்பதற்கு அல்ல, சோதனைக்கு என்று ஒரு சீட்டும் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அண்ணன் எடுத்துத் தின்றுவிடுவான்.

இப்போது பிராட்.

அவர் பிறந்தது 1790-ல், நியூயார்க் மாநிலத்தில். அப்பா தோல் பதனிடுபவர். பிராட் சிறுவனாக இருந்தபோது குடும்பம் கேட்ஸ்கில் என்ற மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பையன் அப்பாவிடம் வேலை பழகினான்; பிறகு ஒருவரிடம் குதிரைச் சேணம் தைக்கக் கற்றுக்கொண்டான்; அதன் பிறகு சொந்தமாகச் சேணக்கடை வைத்தான். விடிந்ததிலிருந்து இரவு வரை தைத்துவிட்டு, கடை மேசைக்கு அடியிலேயே படுத்துக்கொள்வானாம். கையில் நாலு காசு சேர்ந்தது. 1824-ல், ஸ்கோஹாரி என்ற ஓடை பாயும் ஒரு பள்ளத்தாக்குக்கு அவர் வந்து சேர்ந்தார். மலைச்சரிவு முழுக்க ஹெம்லாக் மரங்கள் நின்றன.

ஹெம்லாக் என்றதும், சாக்ரடீஸுக்குக் கொடுத்த விஷமாயிற்றே என்று உங்களில் யாராவது கையைத் தூக்கலாம். அந்த ஹெம்லாக் ஒரு செடி, கேரட் குடும்பத்தைச் சேர்ந்தது. இது ஊசியிலை மரம், விஷம் கிடையாது. இதன் இலையைக் கசக்கினால் அந்தச் செடியின் வாசனை வந்ததாம், அதனால் அதே பெயரை வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கிறவர்கள் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இந்த ஹெம்லாக் மரத்துக்கு அவசரமே கிடையாது. நிழலில் முளைத்த சில கன்றுகள் 100 வயதிலும் கைப்பிடி அளவு பருமனைத் தாண்டுவதில்லை. பெரிய மரங்கள் இடத்தை விட்டுக்கொடுக்கும் வரை காத்திருந்து, பிறகு வளரும். 500 வயதைத் தாண்டிய மரங்களும் உண்டு. அந்த மரத்தின் பட்டையில் டானின் மிகுதி. பட்டையின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு.

இந்தப் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிராட்டின் தொழில் முழுவதும் அதன் மேல்தான் நின்றது.

தோல் கிடைத்தது எங்கே தெரியுமா? கேட்ஸ்கில் மலையில் அவ்வளவு மாடுகள் இல்லை. தென் அமெரிக்காவில் புவெனஸ் ஐரிஸ் பக்கத்துப் புல்வெளிகளில் இருந்தன. அங்கே உரித்து உலர்த்திய மாட்டுத்தோல் கப்பலேறி நியூயார்க் துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து ஹட்சன் ஆற்றில் படகு. பிறகு குதிரை வண்டியில் மலையேற்றம். பதனிட்ட தோல் அதே வழியாக இறங்கி நகரத்துக்குப் போகும். பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றுகிறதல்லவா? பட்டையை நகரத்துக்கு இறக்கி, துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வைத்திருக்கலாமே?

கணக்கைப் போடுங்கள். பத்து வண்டிப் பட்டையை இறக்கினால், அதில் ஒன்பது வண்டி சக்கை. ஒரு கிலோ கனத்த தோல் செய்யப் பல கிலோ பட்டை வேண்டும். ஆகவே கனமான பொருளை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, இலேசான பொருளை அதனிடம் கொண்டுபோவதுதான் மலிவு. கரும்பாலை கரும்புக் காட்டுக்குப் பக்கத்தில் இருப்பதும் இதே காரணத்தால்தான். தோல் மலைக்குப் போனதில் பைத்தியக்காரத்தனம் எதுவும் இல்லை.

பிராட் ஓடைக்கரையில் கட்டிய தொழிற்சாலை 500 அடிக்கும் மேல் நீளம். உள்ளே சுமார் 300 தொட்டிகள். அந்தக் காலத்தில் உலகின் பெரிய தோல் தொழிற்சாலைகளுள் ஒன்று என்று அதைச் சொன்னார்கள்.

உள்ளே என்ன நடந்தது என்று பார்ப்போம். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பச்சைத் தோலில், தண்ணீர் போக, பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி கயிறு போல முறுக்கிய நுண்ணிய இழைகள் அவை. நல்ல வலு. ஆனால் இரண்டு எதிரிகள். ஈரத்தோடு வைத்தால் பாக்டீரியாக்கள் தின்றுவிடும், தோல் அழுகும். கொதிக்க வைத்தால் முறுக்கு அவிழ்ந்து கூழாகிவிடும். ஜெல்லி செய்யும் ஜெலட்டின் என்பது இப்படி அவிழ்ந்த கொலாஜன்தான். காயவைத்தால் மட்டும் போதுமா என்றால், காய்ந்த தோல் பலகை போல விறைத்துவிடும். மறுபடி நனைந்தால் மறுபடி அழுகும்.

இங்கேதான் டானின் வருகிறது. இழைகளுக்கு நடுவில் புகுந்து, தண்ணீரைத் தள்ளிவிட்டு, இந்த இழையை ஒரு கையாலும் அந்த இழையை ஒரு கையாலும் பிடித்துக்கொள்கிறது. ஒரு டானின் மூலக்கூறுக்கு அப்படிப் பல கைகள். இப்படிக் கட்டிப்போட்ட கொலாஜனை பாக்டீரியாவால் எளிதில் கடிக்க முடியாது. பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே சுருங்கிவிடும். டானின் ஏறிய தோல் 75, 80 டிகிரி வரை தாங்கும்.

சரி, டானின் கரைசலில் தோலை முக்கி எடுத்தால் வேலை முடிந்ததா? ஆறு மாதம் ஆகும்! சில தோலுக்கு அதற்கு மேலும்.

முதலில் தோலை ஊறவைத்து மெதுவாக்குவார்கள். பிறகு ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள மூடிய அறையில் தொங்கவிடுவார்கள். தோல் இலேசாக அழுகத் தொடங்கும். அழுகல் முதலில் மயிர்க்கால்களைப் பிடிக்கும். மயிர் கழன்று வரும். ஒரு நாள் கூடிப்போனால் தோலே போய்விடும். எப்போது நிறுத்துவது என்பது வேலைக்காரரின் மூக்குக்கும் விரலுக்கும்தான் தெரியும். தெர்மாமீட்டரை விட அனுபவத்தை நம்பிய தொழில் அது.

மயிர் நீங்கிய தோலை இலேசான கரைசலில் முதலில் போடுவார்கள். நாள் போகப்போகக் கட்டியான கரைசல். கடைசியில் தொட்டிக்குள் ஒரு தோல், அதன் மேல் அரைத்த பட்டைத் தூள், மறுபடி ஒரு தோல், மறுபடி தூள் என்று அடுக்கித் தண்ணீர் விட்டு மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். இடையிடையே பிரித்து, புதிய பட்டை போட்டு மறுபடி அடுக்குவார்கள்.

எடுத்த எடுப்பிலேயே கட்டியான கரைசலில் போட்டால் என்ன? அவசரப்பட்டால் காரியம் கெடும். வெளிப்புற இழைகள் டானினை ஒரேயடியாகப் பிடித்து இறுகிவிடும். உள்ளே போகும் வழி அடைபட்டுப்போகும். வெளியே தோல், உள்ளே பச்சை. பிறகு நடுவிலிருந்து அழுகல். இலேசான கரைசலாக இருந்தால் டானின் நிதானமாக உள்ளே ஊறிப்போகும். அடர்த்தி கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் தானாகப் பரவுவதை விரவல் என்று பாடப்புத்தகத்தில் படிப்பீர்கள். அந்தத் தொழிலாளர்கள் புத்தகத்தில் படிக்காமலே அதைத் தெரிந்துவைத்திருந்தார்கள்.

பட்டை உரிப்பது கோடைகாலத்து வேலை. வசந்தத்தில் மரத்தில் சாறு ஏறும்போது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள செல்கள் வேகமாகப் பெருகும். அந்தப் படலம் மெதுவாக, ஈரமாக இருக்கும். பட்டை எளிதில் கழன்று வரும். அந்தச் சில மாதங்களுக்குள் ஓர் ஆண்டுக்கு வேண்டிய பட்டையை உரித்தாக வேண்டும். மரத்தை வீழ்த்தி, நான்கடி நான்கடியாக வெட்டுவரி போட்டு, நெம்பி எடுப்பார்கள். அப்புறம் மரம்? அதை என்ன செய்ய? பெரும்பாலான கட்டைகள் விழுந்த இடத்திலேயே கிடந்து மக்கின. 300 வயது மரம், பட்டைக்காக மட்டும்.

இருபது ஆண்டுகளில் பிராட் பதனிட்டது பத்து லட்சம் 'சைடு'. ஒரு மாட்டுத்தோலை முதுகு நெடுக இரண்டாக அறுத்தால் ஒவ்வொரு பாதியும் ஒரு சைடு. அப்படியென்றால் ஐந்து லட்சம் மாடுகள். அத்தனையும் செருப்பின், பூட்ஸின் அடித்தோல். சிவந்த நிறத்தில் இருக்கும். பல்கிப் பெருகிக்கொண்டிருந்த அமெரிக்கா அந்தத் தோலின் மேல்தான் நடந்தது.

காடு தேய்ந்தது. மலைச்சரிவில் நிழல் போனது. ஹெம்லாக் நிழலில் குளிர்ந்து ஓடும் ஓடைகளில்தான் ட்ரௌட் மீன் வாழும். தண்ணீர் சூடேறியதும், தோல் தொட்டிக் கழிவு கலந்ததும் அந்த மீன்களுக்கு ஆகவில்லை. ஆனால் காட்டை வெட்டுவதை அந்தக் காலத்தில் 'நிலம் திருத்துவது' என்றே சொன்னார்கள், பாராட்டாகத்தான். பிராட்டும் அதில் வெட்கப்படவில்லை. அவர் நல்ல முதலாளி என்று பெயரெடுத்தவர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் கட்டினார். தெரு நெடுக மரங்கள் நட்டார். 1833-ல் அந்த ஊருக்கு பிராட்ஸ்வில் என்றே பெயர் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான ஹெம்லாக்கை வீழ்த்தியவர், தெருவில் நின்று மரக்கன்று நட்டார் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவருக்கு இரண்டும் ஒரே வேலைதான் போலும்.

1836-ல் நடந்த தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டு வாஷிங்டன் போனார். பிரதிநிதிகள் சபையில் 1837 முதல் 1839 வரை ஒரு தடவை, 1843 முதல் 1845 வரை இன்னொரு தடவை. நீளமாகப் பேசுகிற ஆள் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். எண்ணுகிற ஆள். எத்தனை தோல், எத்தனை பட்டை, எத்தனை குதிரை என்று எண்ணிப் பழகியவர், நாட்டையும் அப்படியே எண்ண வேண்டும் என்றார். 1844-ல், நாட்டின் விளைச்சல், வணிகம், உற்பத்தி எல்லாவற்றையும் திரட்ட அரசுக்கென ஒரு புள்ளிவிவர அலுவலகம் வேண்டும் என்று கேட்ட குழுவுக்கு அவர்தான் தலைவர்.

தபாலிலும் கை வைத்தார். அப்போது அமெரிக்காவில் கடிதக் கட்டணத்தைத் தூரத்தைப் பார்த்தும், எத்தனை தாள் என்று பார்த்தும் போட்டார்கள். 400 மைலுக்கு மேல் ஒரு தாளுக்கு 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரண்டு மடங்கு. உறை போட்டால் உறையும் ஒரு தாள்! ஒரு கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளமே ஏறக்குறைய ஒரு டாலர், அதாவது 100 சென்ட். பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். தூரத்துப் பாட்டி ஆசையாக நாலு தாள் எழுதினால் பேரனின் ஒரு நாள் கூலி போயிற்று. கட்டணத்தைக் குறைக்க வேண்டும் என்று 1838-லேயே பிராட் கேட்டார். 1845-ல் சட்டம் வந்தது. 300 மைல் வரை 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். தாளை எண்ணுவதும் நின்றது. அரை அவுன்ஸுக்கு இவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். உறையில் போட்டுக் கடிதம் அனுப்பும் பழக்கம் அதன் பிறகுதான் பரவியது.

அதே 1845-ன் தொடக்கத்தில் ஆசா விட்னி என்ற வணிகர் ஒரு மனு கொண்டுவந்தார். மிச்சிகன் ஏரியிலிருந்து பசிபிக் கடல் வரை கண்டத்தைக் கடந்து ரயில் பாதை போட வேண்டுமாம். பலர் சிரித்தார்கள். சபையில் அந்த மனுவை வைத்தவர் பிராட். பாதை 1869-ல் இணைந்தபோது பிராட்டுக்கு 78 வயது. உயிரோடு இருந்து கேட்டார். பிப்ரவரியில் இன்னொரு தீர்மானம். ஜப்பானோடும் கொரியாவோடும் வணிகம் தொடங்க வேண்டும் என்றார். ஜப்பான் அப்போது வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. அமெரிக்கக் கப்பல்கள் அங்கே போய் உடன்படிக்கை செய்தது 1854-ல், கொரியாவோடு 1882-ல். தோல்காரருக்குக் கண் தூரத்தில் இருந்தது. இந்த ஜப்பானைப் பற்றிப் பிறகு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிராட் வாஷிங்டனில் இருந்தபோதே ஊரில் ஹெம்லாக் முடிந்துகொண்டிருந்தது. 1840-களின் நடுவில் தொழிற்சாலையை மூடினார். மரம் போன சரிவில் புல் முளைத்தது; புல்லில் மாடு விட்டார். தோலாக வந்த மாடுகள் போய், பால் கறக்கும் மாடுகள் வந்தன. மாட்டுக்கு எவ்வளவு தீனி, எவ்வளவு வெண்ணெய் என்று அதற்கும் கணக்கு வைத்து வெளியிட்டார். நடுவில், வேறிடத்தில் இன்னொரு தோல் தொழிற்சாலைக்கு ஒரு இருபது வயது இளைஞனைக் கூட்டாளியாகச் சேர்த்தார். கணக்கில் சந்தேகம் வந்து கூட்டு உடைந்தது. அந்த இளைஞன்தான் பின்னாளில் அமெரிக்காவின் பெரும் ரயில் முதலாளியான ஜே கூல்ட்.

ஊரின் ஓரத்தில் ஒரு பாறைச்சரிவு இருக்கிறது. ஒரு நாடோடிக் கல்தச்சர் உதவி கேட்டு வந்தாராம். சும்மா காசு தரமாட்டேன், இந்தப் பாறையில் என் வாழ்க்கையைச் செதுக்கு என்றாராம் பிராட். கதை எப்படியோ, செதுக்கல்கள் இன்றும் இருக்கின்றன. பிராட்டின் முகம், ஒரு குதிரை, சுத்தியல் பிடித்த கை, போரில் இறந்த அவருடைய மகனின் உருவம், ஒரு ஹெம்லாக் மரம், பத்து லட்சம் தோல் என்ற கணக்கு. தம்மைப் புதைக்க அங்கேயே ஒரு குகையும் குடையச் சொன்னார். உள்ளே நீர் கசிந்தது என்று அது பாதியில் நின்றுபோனதாகச் சொல்வார்கள். 1871-ல் இறந்த பிராட்டை ஊர் இடுகாட்டில்தான் புதைத்தார்கள். அவருடைய குதிரைகளுக்கும் நாய்களுக்கும் பாறையடியில் இடம் கிடைத்தது.

காடு என்ன ஆயிற்று? 1885-ல் நியூயார்க் மாநிலம் கேட்ஸ்கிலில் காட்டு நிலங்களைக் காப்பகமாக ஒதுக்கியது. சரிவுகளில் மறுபடி மரங்கள் எழுந்தன. பிராட்டின் ஓடையில் அணை கட்டி, அந்தத் தண்ணீரை நியூயார்க் நகரம் குடிக்கிறது. ஹெம்லாக்கும் ஓரளவு திரும்பி வந்தது.

இப்போது ஜப்பான். ஹெம்லாக் ஊசியிலையின் அடியில் பஞ்சுத் துணுக்கு போல வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு பூச்சி இருக்கிறது. முற்றிய பூச்சி ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. கிழக்கு அமெரிக்காவில் 1951-ல், வர்ஜீனியாவில் முதலில் பதிவானது. மரபணுவைப் பார்த்த விஞ்ஞானிகள் அதன் சொந்த ஊர் தெற்கு ஜப்பான் என்று கண்டுபிடித்தார்கள். ஜப்பானிய ஹெம்லாக்கோடு நெடுங்காலம் பழகிய பூச்சி அது. அந்த மரம் அதைத் தாங்கிக்கொள்ளும். அமெரிக்க ஹெம்லாக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. பூச்சி பிடித்தால் சில ஆண்டுகளில் பட்டுப்போகிறது. செடி வணிகத்தோடு கடல் கடந்து வந்திருக்கலாம் என்பது பொதுவான கருத்து. இதற்கு பிராட்டைக் குற்றம் சொல்ல முடியாது. வணிகம் வேண்டும் என்று கேட்டவர் பூச்சியைக் கேட்கவில்லை. பூச்சி இப்போது கேட்ஸ்கிலிலும் இருக்கிறது. அதைத் தின்னும் ஒரு சிறு வண்டை, அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து கொண்டுவந்து கிழக்குக் காடுகளில் விட்டுப் பார்க்கிறார்கள்.

ஊசி இலையை உறிஞ்சும் பூச்சியை டானின் ஏன் தடுக்கவில்லை என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. மரத்தின் டானின் பெரும்பகுதி பட்டையில். அந்தத் தடித்த பட்டையை இந்தப் பூச்சி துளைக்க வேண்டியதில்லை. ஊசியிலையின் காம்படியில் தன் நீண்ட உறிஞ்சுகுழலைச் செருகி, மரம் சேர்த்துவைத்த உணவை உறிஞ்சிக்கொள்கிறது.

உங்கள் முட்டைக்கு வருவோம். நாளைக்கு ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டிப் பாருங்கள். வெளியே பழுப்பாக மெல்லிய வளையம், உள்ளே வெள்ளை. இன்னொன்றை மூன்று நாள் கழித்து வெட்டுங்கள். இரண்டு வளையங்களின் அகலத்தையும் அளவுகோல் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கைவிரலால் அழுத்தியும் பாருங்கள். வெளிப்புறம் கொஞ்சம் இறுகியிருக்கிறதா? இலேசான தேநீரில் இதையே செய்தால் வளையம் எப்படி இருக்கும் என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டு, அப்புறம் செய்து பாருங்கள். ஊகம் தப்பாகப் போனால் அதையும் அழிக்காமல் வைத்திருங்கள்.